உறைக்குள் உறை: ஜாவாவில் பைட்டுகளை வாசிப்பது

மூன்றாமாண்டு, கணினிப் பொறியியல் பிரிவு மாணவி



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, முதலில் கவிதைதான் எழுத உட்கார்ந்தேன். நான்கு வரிக்கு மேல் நகரவில்லை. சரி, நமக்குத் தெரிந்ததை எழுதுவோம், நான் பட்ட பாடு இன்னொருவருக்காவது மிச்சமாகட்டும் என்று இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். புரோகிராம் வரிகளையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். கணினியில் அடிக்கும்போது வழக்கமான ஆங்கில எழுத்தில், வார்த்தைகளைச் சேர்த்து அடித்துக்கொள்ளவும்.

மினி புராஜெக்ட் ரிவ்யூ அன்று நடந்தது இது. முதல் நாள் இரவு தோழியின் லேப்டாப்பில் புரோகிராமை முடித்து, கம்பைல் செய்து, ஓட்டியும் பார்த்துவிட்டு, பென் டிரைவில் போட்டு எடுத்து வந்தேன். அவசரத்தில் எடுத்து வந்தது கிளாஸ் பைலை மட்டும். ஜாவா பைல் லேப்டாப்பிலேயே தங்கிவிட்டது. லேபில் ஓட்டினால் ஒரு நீளமான எரர். கிளாஸ் பைலின் பதிப்பு 61, இந்த இயந்திரம் 52 வரைதான் ஏற்கும் என்பது அதன் சாரம். இரண்டு பேர் ஒரு மாதம் உழைத்த வேலை திரையில் ஒரு வரிகூட ஓடவில்லை.

சார் கோபப்படவில்லை. "61ங்கிறது எங்கேர்ந்தும்மா வருது?" என்று மட்டும் கேட்டார்.

"தெரியலை சார்."

"அந்த பைலுக்குள்ளேயேதான் இருக்கு. எடுத்துக் காட்டு. அடுத்த வாரம் ரிவ்யூ வச்சுக்கலாம்."

வீட்டில் இதைக் கேட்க ஆள் கிடையாது. ஆகவே லேபும் நூலகமும்தான் கதி. அந்த ஒரு வாரத்தில் தெரிந்துகொண்டதைத்தான் கீழே சொல்கிறேன்.

ஓடையும் மைனஸ் ஒன்றும்

பைல், நெட்வொர்க், கீபோர்டு, மெமரியில் உள்ள ஒரு அரே, எதிலிருந்து டேட்டா வந்தாலும் ஜாவா அதை ஒரே கண்ணோடு பார்க்கிறது. ஒன்றன்பின் ஒன்றாக வரும் பைட்டுகளின் ஓடை, அவ்வளவுதான். இதற்கென்று இன்புட் ஸ்ட்ரீம் என்ற அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ் இருக்கிறது. அதன் முக்கியமான மெத்தட் ரீட். ஒரு முறை கூப்பிட்டால் ஒரு பைட் கொடுக்கும். ஓடை வற்றிவிட்டால் மைனஸ் 1 கொடுக்கும்.

இந்த ரீட் மெத்தட் கொடுப்பது பைட் அல்ல, இன்ட். படிக்கும்போது இது எனக்குப் பெரிய குழப்பமாக இருந்தது. ஒரு பைட்டைத்தானே படிக்கிறோம், எதற்கு நான்கு பைட் அகலமுள்ள இன்ட்? காரணம் எளிது. ஒரு பைட்டில் 0 முதல் 255 வரை 256 மதிப்புகள் வரலாம், 256-மே உண்மையான டேட்டாவாக இருக்கலாம். 'முடிந்துவிட்டது' என்று சொல்ல 257-ஆவதாக ஒரு மதிப்பு வேண்டுமே! அதற்கு பைட்டுக்குள் இடமில்லை. எனவே பெரிய பாத்திரமான இன்ட்டில் 0 முதல் 255 வரை டேட்டாவுக்கும், மைனஸ் 1 முடிவுக்கும் என்று வைத்திருக்கிறார்கள்.

நானோ பைட் டைப்பில் ஒரு வேரியபிள் எடுத்து, வந்த விடையை அதில் காஸ்ட் செய்து போட்டு, மைனஸ் 1 வரும்வரை லூப் ஓட்டினேன். ஒரு பைலை இன்னொரு பைலாகக் காப்பி செய்யும் சின்னப் பயிற்சி. டெக்ஸ்ட் பைலுக்கு நன்றாக ஓடியது. பிறகு பெயிண்டில் ஒரு வெள்ளைத் தாளை 640க்கு 480 அளவில் 24 பிட் பிட்மேப்பாக சேமித்து, அதைக் காப்பி செய்தேன். அசல் பைல் 921654 பைட். காப்பி வெறும் 54 பைட்!

ஏன் சரியாக 54? பிட்மேப் பைலின் தலைப்பகுதி 54 பைட். அதன் பிறகு படம் ஆரம்பிக்கிறது. வெள்ளை நிறம் என்றால் நீலம் 255, பச்சை 255, சிவப்பு 255. ஜாவாவில் பைட் என்பது மைனஸ் 128 முதல் 127 வரை குறியோடு எண்ணப்படுவது. 255-ஐ அதில் திணித்தால் எட்டு பிட்டும் 1 ஆக இருப்பதால் அது மைனஸ் 1 ஆகிவிடுகிறது. படத்தின் முதல் வெள்ளைப் புள்ளியிலேயே என் லூப் 'பைல் முடிந்தது' என்று நின்றுவிட்டது. கறுப்புப் படமாக இருந்திருந்தால் இந்தத் தவறு கண்ணிலேயே பட்டிருக்காது. வேரியபிளை இன்ட் என்று மாற்றியதும் சரியாயிற்று. வைவாவில் இதைக் கேட்பார்கள் என்பதற்காகச் சொல்லவில்லை. எரரே காட்டாமல் அரைகுறையாக முடிந்துவிடும் புரோகிராம்தான் ரொம்ப ஆபத்து.

குடம் குடமாக

பைல் இன்புட் ஸ்ட்ரீம் என்பது பைலோடு நேரடியாகப் பேசும் ஓடை. அதன் ரீட் மெத்தடை ஒரு முறை கூப்பிட்டால் ஒரு முறை ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் கதவைத் தட்ட வேண்டும். மேலே சொன்ன பிட்மேப்பை பைட் பைட்டாகப் படித்தால் ஒன்பது லட்சத்துக்கு மேல் கதவு தட்டுகிறோம். தெருக்குழாய்க்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து வீட்டுக்கு வந்து ஊற்றிவிட்டு, மறுபடி ஒரு டம்ளருக்காகத் தெருவுக்கு ஓடுவது போல.

இதற்குத்தான் பஃபர்டு இன்புட் ஸ்ட்ரீம். இது தனக்குள் ஒரு பைட் அரே வைத்திருக்கிறது. நாம் அளவு சொல்லாவிட்டால் இப்போதைய ஜாவாவில் அது 8192 பைட். முதல் முறை ரீட் கூப்பிட்டதும் உள்ளே இருக்கும் ஓடையிடம் ஒரே தடவையில் 8192 பைட் வரை வாங்கித் தன் அரேயில் வைத்துக்கொள்கிறது. அதன்பிறகு நாம் கேட்கும்போதெல்லாம் அந்த அரேயிலிருந்து எடுத்துத் தருகிறது. அதே பிட்மேப்புக்கு இப்போது 113 முறை நிரப்பினால் போதும். பெரிய பைலில் வித்தியாசத்தைக் கடிகாரமே வேண்டாம், உட்கார்ந்து பார்த்தாலே தெரியும்.

பஃபர்டு இன்புட் ஸ்ட்ரீமுக்கு பைல் என்றால் என்னவென்றே தெரியாது என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். அதன் கன்ஸ்ட்ரக்டரில் ஏதாவது ஒரு இன்புட் ஸ்ட்ரீமைக் கொடுக்கிறோம். அது பைலா, சாக்கெட்டா, அரேயா என்று அது கேட்பதில்லை. வெளியே நமக்கு அதுவும் ஒரு இன்புட் ஸ்ட்ரீமாகவே தெரிகிறது. உள்ளே ஓர் இன்புட் ஸ்ட்ரீம், வெளியேயும் ஓர் இன்புட் ஸ்ட்ரீம். கடிதத்தை உறையில் போட்டு, அந்த உறையை இன்னொரு உறையில் போடுவது போல. இதைத்தான் ஸ்ட்ரீமை 'ரேப்' செய்வது என்கிறார்கள். நான் உறையிடுதல் என்று எழுதுகிறேன்.

டேட்டா இன்புட் ஸ்ட்ரீம் மற்றோர் உறை. பைட்டுகளைச் சேர்த்து எண்ணாக்கித் தருவது இதன் வேலை. ரீட் இன்ட் என்றால் நான்கு பைட்டை எடுத்து ஓர் இன்ட். ரீட் அன்சைன்டு ஷார்ட் என்றால் இரண்டு பைட்டை எடுத்து 0 முதல் 65535 வரை ஓர் எண். நடுவில் ஓடை வற்றினால் மைனஸ் 1 தராது, ஈஓஎஃப் எக்ஸெப்ஷன் எறியும். நான்கு பைட் சேர்ந்த இன்ட்டில் மைனஸ் 1-உம் நியாயமான விடைதானே, எனவே வேறு வழியில் சொல்ல வேண்டியிருக்கிறது.

மூன்றையும் சேர்த்தால் இப்படி வரும்:

நியூ டேட்டா இன்புட் ஸ்ட்ரீம் (நியூ பஃபர்டு இன்புட் ஸ்ட்ரீம் (நியூ பைல் இன்புட் ஸ்ட்ரீம் (பைல் பெயர்)))

உள்ளிருந்து வெளியே படிக்க வேண்டும். வரிசை முக்கியம். டேட்டாவை உள்ளே வைத்து பஃபரை வெளியே வைத்தால், நம் கையில் இருப்பது பஃபர்டு இன்புட் ஸ்ட்ரீம். அதில் ரீட் இன்ட் என்ற மெத்தடே கிடையாது, கம்பைலர் ஏற்காது. நமக்கு எந்த மெத்தட் வேண்டுமோ அந்த உறைதான் வெளியே இருக்க வேண்டும்.

வாரிசு முறை ஏன் போதவில்லை?

ஆப்ஜெக்ட் ஓரியன்டட் என்றாலே இன்ஹெரிட்டன்ஸ் என்று மனப்பாடம் செய்தவள் நான். இங்கே ஏன் அதை மட்டும் வைத்துச் சமாளிக்கக் கூடாது? ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பைல், சாக்கெட், பைட் அரே என்று மூன்று மூலங்கள் என்று வைத்துக்கொள்வோம். பஃபர் வசதி, டேட்டா வசதி, ஜிஜிப் சுருக்கத்தைப் பிரிக்கும் வசதி என்று மூன்று வசதிகள். ஒவ்வொரு வசதியும் இருக்கலாம், இல்லாமல் போகலாம் என்றால் எட்டு விதச் சேர்க்கை. மூன்று மூலத்துக்கும் சேர்த்து 24 கிளாஸ் எழுத வேண்டும். நாளை நான்காவது வசதி வந்தால் 48. உறையிடும் முறையில் மூலத்துக்கு மூன்று, வசதிக்கு மூன்று, ஆக ஆறு கிளாஸ். நான்காவது வசதிக்கு ஒன்றே ஒன்று கூடும்.

இன்ஹெரிட்டன்ஸ் இங்கே இல்லாமலும் இல்லை. பஃபர்டு, டேட்டா இரண்டுமே பில்டர் இன்புட் ஸ்ட்ரீம் என்ற கிளாஸின் வாரிசுகள். பில்டர் இன்புட் ஸ்ட்ரீமோ இன்புட் ஸ்ட்ரீமின் வாரிசு; அதே சமயம் தனக்குள் 'இன்' என்ற பெயரில் இன்னோர் இன்புட் ஸ்ட்ரீமை வைத்திருக்கிறது. 'அதுவாகவும் இருக்கிறது, அதை வைத்தும் இருக்கிறது' என்ற இரட்டை உறவு. 1994-இல் வெளிவந்த டிசைன் பேட்டர்ன்ஸ் என்ற புத்தகத்தில் காமா, ஹெல்ம், ஜான்சன், விலிசிடஸ் நால்வரும் இந்த அமைப்புக்கு டெகரேட்டர் என்று பெயர் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஓடைகளை உறையிடுவதும் ஓர் உதாரணமாக வருகிறது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஜாவாவின் முதல் ஜேடிகேயை வெளியிட்டது 1996-இல். இந்த ஓடை கிளாஸ்கள் அன்றிலிருந்தே அதில் இருக்கின்றன.

குறையும் சொல்லிவிட வேண்டும். ஒரு பைலைத் திறக்க மூன்று நியூ எழுத வேண்டியிருப்பது புதிதாகப் படிப்பவருக்குப் பயமாகத்தான் இருக்கிறது. முதலாண்டில் நானும் அந்த வரியைப் புரியாமலே ரெக்கார்டு நோட்டில் காப்பி செய்தேன்.

61-ஐத் தேடி

கிளாஸ் பைலின் அமைப்பு பொதுவில் வெளியிடப்பட்ட ஒன்று. முதல் நான்கு பைட்டுகள் எப்போதும் 202, 254, 186, 190. பதினாறு அடிமான எண்ணில் எழுதினால் சிஏ எஃப்இ பிஏ பிஇ. சேர்த்துப் படித்தால் ஆங்கிலத்தில் 'கஃபே பேப்' என்று ஒரு வேடிக்கைச் சொல் வரும். இது கிளாஸ் பைல்தானா என்று ஜாவா இயந்திரம் முதலில் பார்க்கும் முத்திரை இதுதான். அடுத்த இரண்டு பைட் மைனர் பதிப்பு. அதற்கடுத்த இரண்டு பைட் மேஜர் பதிப்பு. அதாவது சார் கேட்ட 61 எட்டாவது பைட்டில் உட்கார்ந்திருக்கிறது.

மேஜர் எண்ணிலிருந்து 44-ஐக் கழித்தால் ஜாவாவின் பதிப்பு கிடைக்கும். 52 என்றால் ஜாவா 8, 61 என்றால் ஜாவா 17. லேபில் இருந்தது 8, தோழியின் லேப்டாப்பில் இருந்தது 17. புதிய கம்பைலர் செய்த பைலைப் பழைய இயந்திரம் மறுத்துவிட்டது. ஜாவா 9-உம் அதற்குப் பிந்தையதும் வைத்திருப்பவர்கள், கம்பைல் செய்யும்போது ரிலீஸ் 8 என்ற ஆப்ஷனைக் கொடுத்தால் பழைய லேபிலும் ஓடும். இதை முன்பே தெரிந்திருந்தால் எனக்கு இந்தக் கட்டுரையே இல்லை!

டேட்டா இன்புட் ஸ்ட்ரீமில் ரீட் இன்ட் ஒரு முறை, ரீட் அன்சைன்டு ஷார்ட் இரண்டு முறை. மூன்றே வரி. அப்படித்தான் நினைத்தேன். முத்திரையை அச்சிட்டுப் பார்த்தால் மைனஸ் 889275714 என்று வந்தது. பைல் கெட்டுவிட்டதோ என்று பயந்தேன். ஒன்றுமில்லை, 202-இல் முதல் பிட் 1 என்பதால் இன்ட் அதைக் குறை எண்ணாகக் காட்டுகிறது. ஹெக்ஸாக மாற்றி அச்சிட்டால் கஃபே பேப் அப்படியே இருக்கிறது.

ஒரே லாரி, இரண்டு டிரம்

மூன்று வரியோடு விட்டிருக்கலாம். புரோகிராம் அழகாக இருக்க வேண்டும் என்று இரண்டு மெத்தடாகப் பிரித்தேன். ஒன்று முத்திரையைப் பார்ப்பது, மற்றொன்று பதிப்பைப் படிப்பது. இரண்டுக்கும் அதே பைல் இன்புட் ஸ்ட்ரீமை அனுப்பினேன். ஒவ்வொரு மெத்தடும் தனக்கென ஒரு பஃபர், ஒரு டேட்டா என்று புதிய உறை போட்டுக்கொண்டது. முதல் மெத்தட் சரியாக ஓடியது. இரண்டாவதில் ஈஓஎஃப் எக்ஸெப்ஷன். ஓடை வற்றிவிட்டதாம்! 1184 பைட் உள்ள பைலில் நான்கு பைட்தான் படித்திருக்கிறேன், அதற்குள் எப்படி வற்றும்?

இரண்டு நாள் இதிலேயே போச்சு. பென் டிரைவை மாற்றினேன். பைலை மறுபடி காப்பி செய்தேன். லேபில் கணினியையே மாற்றி உட்கார்ந்தேன். அதே எரர்.

அன்று மாலை எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்தது. வால் தண்ணீர், கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. நான் குழாயை எங்கள் டிரம்மில் விட்டுவிட்டு, யோசனையில் நின்றுகொண்டிருந்தேன். அம்மா வந்து சத்தம் போட்டாள். "நமக்கு ரெண்டு குடம் போதுமேடி, டிரம்மை ஏண்டி ரொப்பினே? பக்கத்து வீட்டு அக்கா காலி டிரம்மோட நிக்கறாங்க பாரு!"

லாரி காலி. தண்ணீர் எங்கும் போய்விடவில்லை, எங்கள் டிரம்மில்தான் இருக்கிறது. ஆனால் அந்த அக்கா குழாயைத் திறந்தால் காற்றுதான் வரும். பாதித் தண்ணீரைக் குடத்தில் மொண்டு அவர்களுக்கு ஊற்றும்போதுதான் எனக்கு உறைத்தது. முதல் மெத்தடின் பஃபர் நான்கு பைட் கேட்டதற்கு 8192 வரை நிரப்பப் பார்த்து, பைலின் 1184 பைட்டையும் தன் அரேக்குள் இழுத்துக்கொண்டது. மெத்தட் முடிந்ததும் அந்த பஃபரும் கைவிட்டுப் போனது, மீதி 1180 பைட்டோடு. இரண்டாவது மெத்தடின் புதிய பஃபர் போய்க் கேட்டபோது பைலில் ஒன்றும் இல்லை.

தீர்வு, உறையை ஒரே ஒரு முறை, பைலைத் திறக்கும் இடத்திலேயே போட வேண்டும். அதன்பின் எல்லா மெத்தடுக்கும் அந்த உறையிட்ட ஆப்ஜெக்டையே அனுப்ப வேண்டும். உறை போட்ட பிறகு உள்ளே இருக்கும் ஓடையை நேராகத் தொடவே கூடாது. லேபில் பலர் சிஸ்டம் இன் மேல் ஒவ்வொரு மெத்தடிலும் ஒரு புதிய ஸ்கேனர் போடுகிறார்கள். கையால் அடிக்கும்போது ஒவ்வொரு வரியாக வருவதால் பெரும்பாலும் தப்பித்துவிடுகிறார்கள். இன்புட்டை பைலிலிருந்து திருப்பிவிட்டால் இதே கதைதான்.

மூடும் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். வெளி உறையை குளோஸ் செய்தால் அது உள்ளே இருப்பதையும் மூடிவிடும், தனித்தனியாக மூட வேண்டியதில்லை. ஜாவா 7 முதல் உள்ள டிரை வித் ரிசோர்சஸ் முறையில் எழுதினால் எக்ஸெப்ஷன் வந்தாலும் தானாக மூடிக்கொள்ளும். ஸ்கேனரை மூடினால் சிஸ்டம் இன் மூடிவிடுவதும், பிறகு கீபோர்டு கேட்காமல் போவதும் இதனால்தான்.

முட்டையை எந்தப் பக்கம் உடைப்பது?

61 கிடைத்த சந்தோஷத்தில், அதே புரோகிராமை வைத்து என் பழைய வெள்ளைப் பிட்மேப்பின் அகலத்தையும் படித்துப் பார்த்தேன். பிட்மேப்பில் 18 பைட்டைத் தாண்டினால் அகலம் நான்கு பைட்டில் இருக்கும். 640 வர வேண்டும். வந்தது மைனஸ் 2147352576. ஒரு படத்தின் அகலம் மைனஸ் 214 கோடி!

பைலில் அந்த நான்கு பைட்டும் 128, 2, 0, 0 என்று இருக்கின்றன. 128-உம், 2-ஐ 256-ஆல் பெருக்கிய 512-உம் சேர்ந்தால் 640. அதாவது சிறிய பகுதி முதலில், பெரிய பகுதி கடைசியில். இதற்கு லிட்டில் எண்டியன் என்று பெயர். டேட்டா இன்புட் ஸ்ட்ரீமோ எப்போதும் பெரிய பகுதி முதலில் வரும் என்றே எடுத்துக்கொள்ளும். அது பிக் எண்டியன். கிளாஸ் பைல் பிக் எண்டியன் என்பதால் அங்கே பிரச்சினை வரவில்லை. பிட்மேப், வேவ் பைல்கள் எல்லாம் லிட்டில் எண்டியன்.

இந்தப் பெயர்கள் ஜோனதன் ஸ்விஃப்ட் 1726-இல் வெளியிட்ட கலிவரின் பயணங்கள் கதையிலிருந்து வந்தவை. முட்டையைப் பெரிய முனையில் உடைப்பதா, சிறிய முனையில் உடைப்பதா என்று அதில் இரண்டு கூட்டம் சண்டை போட்டுக்கொள்ளும். 1980-இல் டேனி கோஹன் என்பவர் பைட் வரிசை பற்றிய சண்டையும் இப்படித்தான் என்று ஒரு கட்டுரை எழுதினார். அதிலிருந்து கணினித் துறையில் பெயர் ஒட்டிக்கொண்டது. நம் மேஜையில் உள்ள இன்டெல் பிராசஸர் லிட்டில், இன்டர்நெட் நெறிமுறைகளின் எண் வரிசை பிக். சண்டை இன்னும் தீரவில்லை.

இதற்கு ஒரு வரித் தீர்வு இருக்கிறது. ரீட் இன்ட் கொடுத்த விடையை இன்டிஜர் கிளாஸின் ரிவர்ஸ் பைட்ஸ் என்ற மெத்தடில் கொடுத்தால் வரிசையைத் திருப்பித் தரும். கையால் சேர்ப்பதானால் ஒரு எச்சரிக்கை. பைட்டுகளை அரேயில் படித்து அப்படியே கூட்டினால், 128 என்பது மைனஸ் 128 ஆகி, 512-லிருந்து கழிந்து 384 என்று வரும். மைனஸ் 214 கோடியைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். 384-ஐப் பார்த்து யார் சந்தேகப்படுவார்கள்? ஒவ்வொரு பைட்டையும் 255-ஓடு அண்ட் செய்து குறியை நீக்கிய பிறகே கூட்ட வேண்டும்.

அரேயில் படிப்பது பற்றி இன்னொன்று. 100 பைட் அரேயைக் கொடுத்து ரீட் என்றால் 100-உம் வரும் என்று உறுதி கிடையாது. எத்தனை வந்ததோ அந்த எண்ணைத்தான் அது திருப்பித் தரும். பைலில் பெரும்பாலும் முழுதாக வந்துவிடும், நெட்வொர்க்கில் அப்படியல்ல. முழுதும் வேண்டுமென்றால் டேட்டா இன்புட் ஸ்ட்ரீமின் ரீட் ஃபுல்லியைக் கூப்பிடுங்கள்.

நாமே ஓர் உறை

மற்றவர் செய்த உறையை மட்டும் போட்டால் போதுமா? எத்தனை பைட் படித்தோம் என்று எண்ணும் ஓர் உறையை நானே செய்தேன். பில்டர் இன்புட் ஸ்ட்ரீமை எக்ஸ்டெண்ட் செய்து, கன்ஸ்ட்ரக்டரில் வந்த ஓடையை சூப்பருக்கு அனுப்பி, ரீட் மெத்தடை ஓவர்ரைடு செய்து, ஒவ்வொரு முறையும் ஒரு கவுண்டரைக் கூட்டினேன். பத்து வரிதான். அதை பைலுக்கும் பஃபருக்கும் நடுவில் செருகி ஓட்டினால் 61 சரியாக வந்தது. ஆனால் எண்ணிக்கை 0!

காரணம், ரீட் என்ற பெயரில் மூன்று மெத்தட்கள் இருக்கின்றன. ஒரு பைட் படிப்பது, அரேயில் படிப்பது, அரேயின் ஒரு பகுதியில் படிப்பது. பஃபர் மொத்தமாக நிரப்பும்போது மூன்றாவதைத்தான் கூப்பிடுகிறது. பில்டர் இன்புட் ஸ்ட்ரீமில் அந்த மூன்றாவது மெத்தட் நேரே உள்ளே இருக்கும் ஓடைக்குப் போய்விடும், நான் எழுதிய ஒரு பைட் ரீடை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அரேயில் படிக்கும் இரண்டாவது மெத்தட் மூன்றாவதைக் கூப்பிடுவதால், முதலாவதையும் மூன்றாவதையும் எழுதினால் போதும். மூன்றாவதில் திரும்பி வரும் எண்ணைக் கவுண்டரில் கூட்ட வேண்டும். மைனஸ் 1 வந்தால் கூட்டக் கூடாது. ஸ்கிப் மெத்தடையும் எண்ண வேண்டுமா என்பது உங்கள் தேவையைப் பொறுத்தது.

சரி செய்த பிறகு எண்ணிக்கை 1184 என்று வந்தது. அதே உறையை பஃபருக்கு வெளியே, டேட்டாவுக்கு உள்ளே மாற்றி வைத்தால் 8. இரண்டும் சரியான விடைதான். முதலாவது பைலிலிருந்து டிரம்மில் பிடித்தது, இரண்டாவது டிரம்மிலிருந்து நான் மொண்டது.

எழுத்துக்கு வேறு உறை

இதுவரை சொன்னது பைட்டுக்கு. எழுத்து வேறு. தமிழ் டெக்ஸ்ட் பைலை பைட் பைட்டாகப் படித்து ஒவ்வொன்றையும் கேரக்டராகக் காஸ்ட் செய்தால் திரையில் குப்பைதான் வரும். யூடிஎஃப் 8 முறையில் 'அ' என்ற ஓர் எழுத்து 224, 174, 133 என்று மூன்று பைட். 'தமிழ்' என்ற சொல்லில் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என்று ஐந்து. பைலில் 15 பைட். எனவே பைட் ஓடையை எழுத்து ஓடையாக மாற்றும் இன்புட் ஸ்ட்ரீம் ரீடர் என்ற பாலத்தைப் போட்டு, யூடிஎஃப் 8 என்று அதற்குச் சொல்லி, அதன்மேல் பஃபர்டு ரீடரை உறையாகப் போட வேண்டும். அங்கேயும் அதே உறை விளையாட்டுதான்.

அடுத்த வாரம் ரிவ்யூவில் புராஜெக்ட் ஓடியது. இந்தத் தடவை ஜாவா பைலோடுதான் போயிருந்தேன். பிறகு 61-ஐ எடுத்துக் காட்டினேன். சார் ஒன்றும் சொல்லாமல் தன் பென் டிரைவிலிருந்து ஒரு கிளாஸ் பைலைக் கொடுத்து, "இதுக்கு ஓட்டிக் காட்டும்மா" என்றார். மேஜர் 45, மைனர் 3 என்று வந்தது. 45-இல் 44 போனால் 1. ஜாவா 1.1 காலத்துப் பைல், நான் பிறப்பதற்கு முந்தையது. சார் காலேஜில் படித்தபோது எழுதிய புரோகிராமாம். லேபில் இருந்த ஜாவா 8-இல் அதை ஓட்டிப் பார்த்தோம், ஓடியது.